வெறுங்கைக் கணக்கு

கொரோனா வந்தபோது உலகத்துச் சரக்குச் சங்கிலி அறுந்துபோய்விட்டது என்று எழுதினார்கள். இன்றைக்கும் அதையே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பொருளாதார நிபுணர்கள் எழுதினார்கள், வங்கி அதிகாரிகள் எழுதினார்கள், நமது இடதுசாரி நண்பர்களும் நாலு சொல்லை மாற்றிப்போட்டு அதையே எழுதினார்கள். சீனத்தில் ஆலை மூடியது, துறைமுகத்துக்கு வெளியே கப்பல் காத்துக்கிடந்தது, காருக்குச் சில்லு வரவில்லை, ஆஸ்பத்திரிக்கு முகக்கவசம் வரவில்லை. ஆகவே சங்கிலி அறுந்தது; இனிமேல் அறுந்துபோகாத சங்கிலியாகப் பார்த்துச் செய்யவேண்டும். அவர்களுடைய மொத்த ஞானமும் இவ்வளவுதான்.

நம்முடைய கேள்வி வேறு. அந்தச் சங்கிலி இத்தனை காலமும் யார் காலில் கிடந்தது? அது அறுந்ததாகச் சொல்லப்பட்ட நாட்களில் யார் செத்தார்கள், யார் சம்பாதித்தார்கள்? உலகப் பொருளாதாரம் என்று பொத்தாம்பொதுவாகப் பேசினால் இதற்கெல்லாம் பதில் கிடைக்காது. ஒரே ஒரு சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு அதன் இரண்டு முனைகளையும் பார்ப்போம். ரப்பர் கையுறை. நம்ம சனம் 'கிளவுஸ்' என்று சொல்கிறதே, அது.

2020 மார்ச் 3-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் ஓர் எச்சரிக்கை விட்டது. முகக்கவசம், கையுறை, கண்ணாடி, மேலங்கி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசத்தின் விலை ஆறு மடங்கு ஏறிவிட்டது. உற்பத்தியை 40 சதவீதம் கூட்டியாக வேண்டும் என்றது. நோய் பரவி இரண்டு மூன்று மாதத்துக்குள் பணக்கார நாட்டு ஆஸ்பத்திரிகளே கையை விரித்தது எப்படி? கையிருப்பு வைத்துக்கொள்வதே நட்டம் என்று மூலதனம் முப்பது நாற்பது வருசமாகப் பாடம் நடத்தியிருந்தது. ஜப்பானின் டொயோட்டா கார் ஆலையில் உருவான முறை அது. தேவைப்படுகிற நேரத்தில் தேவைப்படுகிற அளவுக்கு மட்டும் சரக்கு வந்து இறங்கவேண்டும், கிடங்கில் ஒன்றும் தங்கக்கூடாது. கார் ஆலைக்குச் செய்ததை ஆஸ்பத்திரிக்கும் செய்தார்கள். கிடங்கு வாடகை மிச்சமானது. அந்த மிச்சம் லாபக் கணக்கில் ஏறியது. எங்கோ ஒரு மூலையில் ஒரு தொழிலாளி ராத்திரி பகலாக நின்றுகொண்டே இருப்பான் என்கிற நம்பிக்கையில்தான் இந்த முறையே ஓடியது.

அந்த மூலை மலேசியா. உலகத்தின் ரப்பர் கையுறையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்ட அங்கிருந்துதான் போனது. ஆலையில் நின்றவர்கள் பெரும்பாலும் வங்கதேசத்தார், நேபாளிகள். ஊரில் ஏஜெண்டுக்கு லட்சக்கணக்கில் கட்டி, அதற்கு வட்டிக்கு வாங்கி, கடனோடு விமானம் ஏறியவர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருசச் சம்பளம் கடனுக்கே போகும். கடன் தீராமல் ஆலையை விட்டு நகர முடியாது. இதற்குச் சட்டத்தில் கொத்தடிமை என்று பெயர்.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்காவின் சுங்கத்துறையே 2019-இல் ஒரு மலேசியக் கையுறை நிறுவனத்தின் சரக்கை, கட்டாய உழைப்பில் செய்தது என்று சொல்லித் தடுத்தது. 2020 மார்ச் 24-ஆம் தேதி அந்தத் தடையை விலக்கியது. அங்கே இப்போது கட்டாய உழைப்பு இல்லை என்று தமக்குத் திருப்தி ஏற்பட்டுவிட்டதாம். கையுறைக்கு உலகமே அலைந்த மாதத்தில் வந்த திருப்தி அது. அதே மார்ச் 24 ராத்திரி 8 மணிக்குத்தான் இந்தியப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நாலு மணி நேர அவகாசத்தில் நாட்டை அடைத்தார்.

உலகத்திலேயே பெரிய கையுறை நிறுவனமான டாப் குளோவ் மீதும் 2020 ஜூலையில் அமெரிக்கா தடை போட்டது. ஆலை நிற்கவில்லை. 2020 நவம்பரில் கிள்ளான் பகுதி ஆலைகளிலும் விடுதிகளிலும் 2,400 பேருக்கு மேல் தொற்று என்று தெரிந்தபிறகுதான் 28 ஆலைகளைப் படிப்படியாக மூட மலேசிய அரசு உத்தரவிட்டது. உலகத்துக்கே பாதுகாப்புக் கவசம் செய்தவன் அடுக்குக் கட்டிலில், அடுத்தவன் மூச்சு முகத்தில் படுகிற தூரத்தில் படுத்துக்கிடந்தான். ஆலை வாசலில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து நிற்பதைப் படம் எடுத்து வெளியே காட்டிய நேபாளித் தொழிலாளி வேலையை விட்டுத் துரத்தப்பட்டார். நிறுவனத்துக்கு 2019 நிதியாண்டு லாபம் 40 கோடி ரிங்கிட்டுக்கும் குறைவு. 2021 நிதியாண்டில் 770 கோடிக்கு மேல். சங்கிலி அறுந்த காலத்தில் இருபது மடங்கு.

ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தைத் தொழிலாளர்களுக்கு நிறுவனம் பிறகு திருப்பிக் கொடுத்தது, சுமார் 15 கோடி ரிங்கிட். கொடுக்கமுடிகிற பணம்தான் அது. அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு நிற்கும் என்ற நிலை வந்தபிறகுதான் கொடுக்கத் தோன்றியது. இதை மறந்துவிடக்கூடாது. மறுபடி இதற்கு வருவேன்.

மலேசியக் கதை நமக்கு அந்நியக் கதை இல்லை தோழர்களே. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் காட்டை அழித்தவர்கள் யார்? விடியுமுன்னே எழுந்து பால்மரம் சீவியவர்கள் யார்? தஞ்சாவூர், திருச்சி, தென்னார்க்காடு, வடார்க்காட்டுச் சேரிகளிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களில் பறையரும் பள்ளரும் எத்தனை ஆயிரம்! முதலில் ஒப்பந்தக் கூலி முறை, அது 1910-இல் நிறுத்தப்பட்டது. கூடவே வளர்ந்தது கங்காணி முறை. கங்காணி ஊருக்கு வருவான். முன்பணம் கொடுப்பான். கடனோடு ஆளைக் கூட்டிப்போவான். லயத்தில் அடைப்பான். கடன் ஏட்டில் ஏறும், இறங்காது. 1938-இல் ஆள்பிடித்து அனுப்புவதை அன்றைய இந்திய அரசு தடைசெய்யும்வரை இது நடந்தது. பண்ணையாரிடமிருந்து தப்பித்தோம் என்று போனவர்கள் துரையிடம் மாட்டினார்கள்.

கங்காணி இன்றைக்கு டாக்காவிலும் காத்மாண்டுவிலும் ஆபீஸ் போட்டு ஏஜெண்டாக உட்கார்ந்திருக்கிறான். லயம் மாடி மேல் மாடியாக ஹாஸ்டல் ஆகிவிட்டது. மரத்தில் வடிந்த பாலில் பாதி இப்போது ரசாயனமாகிவிட்டது. மாறாதது கடன். ஆகவே ஒரு நேபாளித் தொழிலாளி விடுதியில் இருமிக்கொண்டு கிடந்தான் என்று படிக்கும்போது, அது நம் தாத்தன் கதையின் அடுத்த பக்கம் என்று நமக்குத் தெரியவேண்டும். 'அது மலேசிய விவகாரம், நமக்கு இங்கே சாதிப் பிரச்சினையே ஏராளம்' என்று சொல்கிற நம்மாட்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இனி மறுமுனை. கையுறை யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது?

எங்க சித்தி ஒரு நகராட்சியில் இருபத்தாறு வருசம் குப்பை அள்ளியவர். கொரோனா நாட்களிலும் அள்ளினார். தனிமைப்படுத்திய வீடுகளின் குப்பையைத் தனியாக வாங்கச் சொன்னார்கள். வெறுங்கையில்தான் வாங்கினார். கேட்டால் மேஸ்திரி சொன்ன பதில், 'ஸ்டாக் வரல, உலகம் பூரா தட்டுப்பாடு, நீ பேப்பர் படிக்கிறதில்லையா?' சித்தி படிக்கத் தெரியாதவர். ஆனால் அவர் திருப்பிக் கேட்ட கேள்வியை எந்தப் பொருளாதார நிபுணரும் கேட்கவில்லை. 'இந்த வருசம் தட்டுப்பாடு, சரி. போன வருசம்? அதுக்கு முன்னாடி இருபத்தஞ்சு வருசம்? அப்ப என்னா தட்டுப்பாடு?'

இந்தக் கேள்வியில் அவர்களுடைய மொத்த வாதமும் விழுந்துவிடுகிறது. 2019-இல் உலகம் ஒரு வருசத்துக்கு ஏறக்குறைய 30,000 கோடி கையுறைகளைப் பயன்படுத்தியது. கப்பல் ஓடியது, ஆலை ஓடியது, விலை மலிவு. சங்கிலி அறுபடாமல் மினுமினுவென்று இருந்த வருசம். அந்த வருசத்திலும் இந்த நாட்டில் மலக்குழியில் இறங்கியவன் வெற்றுடம்போடு இறங்கினான். விசவாயுவில் செத்தான். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-இல் வந்துவிட்டது. செத்தால் 10 லட்சம் கொடு என்று உச்சநீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. உயிருக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது, உயிர் போவது நிற்கவில்லை.

தட்டுப்பாடு என்பது வழக்கமாகக் கிடைத்துக்கொண்டிருந்தவனுடைய சொல். ஒருநாளும் கிடைக்காதவனுக்குத் தட்டுப்பாடு என்று ஒரு நாள் தனியாக இல்லை. லண்டன் ஆஸ்பத்திரி நர்சுக்கு 2020-இல் கையுறை கிடைக்காதது உலகச் செய்தி. அருந்ததியர் தெருவிலும் ஆதி ஆந்திரர் குடியிருப்பிலும் பறைச்சேரியிலும் இருந்து விடிகாலையில் துடைப்பத்தோடு கிளம்புகிறவருக்கு முப்பது வருசமாகக் கையுறை கிடைக்காதது செய்தியே இல்லை. ஏன்? அந்தக் கை ஏற்கெனவே தீட்டுப்பட்ட கை என்று இந்தச் சமூகம் முடிவுகட்டி வைத்திருக்கிறது. அழுக்கான கைக்கு எதற்கு உறை? அழுக்கிலிருந்து அந்தக் கையைக் காப்பாற்றவேண்டும் என்ற நினைப்பே இவர்களுக்கு வராது. அந்தக் கையிலிருந்து தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவேண்டும் என்பதுதான் இவர்களுடைய ஆயிரங்காலத்துச் சுகாதார விதி. கொரோனா வந்ததும் 'விலகி நில்' என்பதைப் புதிதாகக் கண்டுபிடித்தது போலப் பேசினார்கள்!

கையுறைக்குப் பதிலாக எதையெல்லாம் கொடுத்தார்கள் பாருங்கள். 2020 மார்ச் 22 சாயங்காலம் 5 மணிக்குத் தட்டைத் தட்டினார்கள். மே 3-ஆம் தேதி ஆஸ்பத்திரிகளின் மேல் ஹெலிகாப்டரில் பூத் தூவினார்கள். சில ஊர்களில் துப்புரவுத் தொழிலாளிக்கு மாலை போட்டுக் காலைக் கழுவிப் படம் எடுத்தார்கள். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். பெயர் தூய்மையாயிற்று, கை அப்படியே கிடந்தது. அந்தக் காலமெல்லாம் சென்னையைக் கூட்டியவர்கள், தங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, நிரந்தரம் செய் என்று 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீசை விட்டு அவர்களை அப்புறப்படுத்தினார்கள். நீதிமன்ற உத்தரவு என்றார்கள். குப்பையை அள்ளுகிற வேகத்தில் ஆட்களை அள்ளினார்கள்.

இரண்டு முனையையும் பார்த்துவிட்டோம். ஒரு முனையில் கையுறையைச் செய்து நோய் வாங்கியவன். மறுமுனையில் கையுறை இல்லாமல் நோயைத் தொட்டவள். நடுவில் லாபம். இதுதான் சரக்குச் சங்கிலியின் உண்மையான படம்.

கையுறைக்கு மட்டும் இது பொருந்தும் என்று நினைக்கவேண்டாம். துணிக்கு வாருங்கள். 2020 மார்ச்சில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடியதும் பெரிய பிராண்டுக் கம்பெனிகள் வங்கதேச ஆலைகளுக்கு ஒரு கடிதம் அனுப்பின. ஆர்டர் ரத்து. தைத்து முடித்த துணிக்கும் காசு தரமாட்டோம். மனித சக்திக்கு அப்பாற்பட்ட பேரிடர் வந்தால் ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது என்று ஒரு விதியைக் காட்டின. வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்திவைக்கப்பட்டன. சுமார் 40 லட்சம் பேர் வேலை செய்கிற தொழிலில், 10 லட்சம் பேருக்கு மேல் வேலையை இழந்தார்கள் அல்லது வேலையில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு அந்த மாதக் கடைசியிலேயே சொன்னது. பெரும்பாலும் பெண்கள். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதத்தில் மட்டும் பிராண்டுகளிடமிருந்து உலகத்து ஆலைகளுக்கு வராமல் போன தொகை 1,600 கோடி டாலருக்கு மேல் என்று பின்னால் கணக்கிட்டார்கள்.

பேரிடர் விதி யாருக்கு? கம்பெனிக்கு உண்டு. தையல் எந்திரத்தில் உட்கார்ந்த பெண் வீட்டுக்காரனிடம் போய், 'அய்யா, பேரிடர் வந்துட்டுது, இந்த மாச வாடகைக்கு ஒப்பந்தம் செல்லாது' என்று சொல்லமுடியுமா? மளிகைக் கடையில் சொல்லமுடியுமா?

கப்பலைப் பாருங்கள். 2020 கடைசியில் சுமார் 4 லட்சம் கப்பல் தொழிலாளர்கள் ஒப்பந்தக் காலம் முடிந்தும் கரையிறங்க வழியின்றிக் கடலில் கிடந்தார்கள். பல நாடுகள் இறங்கவிடவில்லை. சரக்கு இறங்கியது, சரக்கைக் கொண்டுவந்தவன் இறங்கக்கூடாது! தீண்டாமைக்கு இதைவிட நல்ல உதாரணம் ஐரோப்பாக்காரனுக்குக் கிடைக்காது. ஒரு 40 அடி கண்டெய்னரின் வாடகை 2019-இல் சராசரியாக 1,420 டாலர். 2021 செப்டம்பரில் 10,000 டாலரைத் தாண்டியது. மெர்ஸ்க் கப்பல் கம்பெனி 2022-இல் 2,900 கோடி டாலருக்கு மேல் லாபம் பார்த்தது. சங்கிலி சிக்கிக்கொண்டதில் யாருக்கு நட்டம் என்று இப்போது சொல்லுங்கள்.

ஆக, இந்தச் சங்கிலிக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. லாபம் மேலே ஏறும், ஆபத்து கீழே இறங்கும். பிராண்டு ஆலை முதலாளிமேல் தள்ளுவான். முதலாளி காண்ட்ராக்டர்மேல். காண்ட்ராக்டர் மேஸ்திரிமேல். மேஸ்திரி சித்திமேல். ஒவ்வொரு படியிலும் இருப்பவன் தனக்குக் கீழே ஒருத்தன் இருப்பதால் மேலே இருப்பவனை எதிர்க்கமாட்டான். இந்த ஏணியை நமக்குத் தெரியாதா? அம்பேத்கர் வாழ்நாளெல்லாம் பிரித்துப் பிரித்துக் காட்டிய படிநிலை ஏற்றத்தாழ்வு இதுதானே. புனிதம் மேலே, தீட்டு கீழே. உலக மூலதனம் இந்தியாவுக்குச் சாதியைக் கற்றுக்கொடுக்கவில்லை. ஏற்கெனவே போட்டுவைத்திருந்த ஏணியில் வசதியாக ஏறிக்கொண்டது. இதைப் பார்க்காமல் தொழிலாளி, முதலாளி என்று இரண்டே கட்டத்தில் கணக்குப்போடுகிற இடதுசாரி நண்பர்களுக்கு, ஏன் கையுறை எப்போதும் ஒரே தெருவுக்கு வந்துசேரவில்லை என்ற கேள்விக்கு ஒருநாளும் விடை கிடைக்காது.

இதற்கு அரசு சொன்ன மருந்து தற்சார்பு. 2020 மே 12-ஆம் தேதி பிரதமர் அறிவித்தார். வெளிநாட்டுச் சங்கிலி வேண்டாம், எல்லாம் இங்கேயே. சில தமிழ்த்தேசிய நண்பர்களும் இயற்கை விவசாய நண்பர்களும்கூட இதில் மயங்கிப்போனார்கள். சங்கிலி நீளமாக இருப்பதுதான் சிக்கல், கிராமத்துக்குள்ளேயே எல்லாம் கிடைத்தால் நல்லது என்கிறார்கள். கிராமத்துச் சங்கிலி எவ்வளவு குட்டையானது என்று எங்களுக்குத் தெரியும் அய்யா! ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஒரு ஓடை தூரம். செத்த மாட்டை இழுத்துப்போட்டவனும், பறையடித்தவனும், பிணம் சுட்டவனும் அந்தத் தற்சார்புக்குள்தான் இருந்தார்கள். கூலி ஒரு மரக்கால் நெல். மலாயாவுக்குக் கப்பலேறி ஓடியதே அந்தத் தற்சார்பிலிருந்து தப்பிக்கத்தான். எங்களுக்கு நீளச் சங்கிலி, குட்டைச் சங்கிலி என்ற பேதமெல்லாம் இல்லை.

தற்சார்பு பேசிய அதே காலத்தில் என்ன நடந்தது? உத்தரப்பிரதேசம் தொழிலாளர் சட்டங்களில் பெரும்பாலானவற்றை மூன்று வருசத்துக்கு நிறுத்திவைக்க அவசரச் சட்டம் கொண்டுவர முடிவுசெய்தது. குஜராத் உட்படப் பல மாநிலங்கள் வேலைநேரத்தை 12 மணி ஆக்கின. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி தரவேண்டாம் என்ற குஜராத் உத்தரவை 2020 அக்டோபர் 1-ஆம் தேதி உச்சநீதிமன்றம் ரத்துசெய்தது. சீனத்திலிருந்து ஓடுகிற கம்பெனியை இங்கே இழுப்பதற்கு இவர்கள் வைத்த தூண்டில் புழு நம் உடம்பு.

ஒரு ஆட்சேபம் வரும். 'இப்படியெல்லாம் பேசினால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். திருப்பூரிலும் திண்டுக்கல்லிலும் மில்லுக்குப் போய்ச் சம்பாதிக்கிற சேரிப் பெண்பிள்ளைகளின் சோற்றில் மண் போடாதீர்கள்.' இது நேர்மையான பயம். மதித்துப் பதில் சொல்லவேண்டும். சங்கிலியை வெட்டிப்போடு என்று நாம் கேட்கவில்லை. வயக்காட்டில் ஆண்டைக்கு முன்னால் குனிந்து நிற்பதைவிட மில்லுச் சம்பளம் எத்தனையோ மேல் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். நாம் கேட்பது, லாபம் ஏறுகிற அதே வழியில் பொறுப்பும் ஏறவேண்டும் என்பதுதான்.

அது நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் உலகப் பிராண்டுகளுக்குத் துணி தைத்த ஓர் ஆலையில் வேலைசெய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கொன்றவன் அதே ஆலையின் மேற்பார்வையாளன். பிறகு ஊரே வாயைப் பொத்திக்கொண்டது என்றுதான் வழக்கமாக எழுதவேண்டியிருக்கும். இந்தமுறை தலித் பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை நிர்வாகம் மட்டும் போடவில்லை, துணி வாங்குகிற எச் அண்ட் எம் கம்பெனியும் கையெழுத்துப் போட்டது. பாலியல் வன்முறையும் சாதி ஒதுக்கலும் ஆலையில் இருக்கக்கூடாது. மீறினால் ஆலைக்கு வியாபாரத்தில் அடி விழும். பின்னால் வேறு பெரிய பிராண்டுகளும் சேர்ந்தன. சாதி என்ற சொல்லை ஏற்றுமதி ஒப்பந்தத்துக்குள் கொண்டுபோய் வைத்தது கிராமத்து தலித் பெண்களின் சங்கம். பொருளாதார நிபுணர் யாரும் வைக்கவில்லை.

மலேசியாவில் சரக்கு துறைமுகத்தில் நின்றபோது ஏஜெண்டுப் பணம் திரும்பி வந்தது. துணிக் கம்பெனிகளின் மானம் சந்தியில் இழுபட்டபோது, ரத்து செய்த ஆர்டருக்குப் பல கம்பெனிகள் காசு கொடுக்க ஒத்துக்கொண்டன. திண்டுக்கல்லில் சங்கம் நின்றபோது கையெழுத்து வந்தது. மூன்றிலும் ஒரே பாடம். சங்கிலிக்கு இரண்டு முனை உண்டு. அடிமுனையைப் பிடித்திருப்பவர்கள் சேர்ந்து இழுத்தால் மேல்முனை ஆடும்.

ஆகவே மாணவர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கொரோனா பற்றிக் கவிதை எழுதியது போதும். நடந்தே ஊர்போன கால்களைப் பற்றி எழுதிக் கண்ணீர் விட்டதும் போதும். உங்கள் ஊர் நகராட்சியில் 2019, 2020, 2021 மூன்று வருசத்துக்கும் எத்தனை ஜோடி கையுறை வாங்கினார்கள், யாரிடம், என்ன விலைக்கு, யாருக்குக் கொடுத்தார்கள் என்று தகவல் அறியும் சட்டத்தில் கேளுங்கள். கூட்டுகிறவர்களிடம் போய், கைக்கு வந்ததா என்று கேட்டு அதையும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு கணக்குக்கும் நடுவே விழுகிற பள்ளத்தில்தான் நம் சனம் செத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து ஊர் மில்லில் தைக்கிற துணியின் பட்டியில் எந்தக் கம்பெனிப் பெயர் இருக்கிறது என்று குறித்துவையுங்கள். காண்ட்ராக்டரோடு மட்டும் மல்லுக்கட்டாமல், அந்தப் பெயருக்குரியவனையும் சபைக்கு இழுங்கள்.

அடுத்த கொள்ளைநோய் வரும். வருமுன்னரே அவர்கள் தங்கள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுத் தயாராகிவிடுவார்கள். கிடங்குகள் நிறையும், இரண்டாவது நாட்டில் ஆலை எழும், மூன்றாவது துறைமுகம் திறக்கும். அன்றைக்கும் மேஸ்திரி வந்து 'ஸ்டாக் வரல' என்று சொன்னால், அது பழைய பொய் என்று நிரூபிக்க நம் கையில் கணக்கு இருக்கவேண்டும். அந்தக் கணக்கை இன்றைக்கே எழுத ஆரம்பியுங்கள்.